ஆசிரியையின் சேலைக்கு ஆணை எதற்கு?

ஆசிரியை என்ன கற்பித்தார் என்று கேட்பதற்கு முன்னர், என்ன உடுத்தி வந்தார் என்று கேட்கும் வழக்கம் நம் நாட்டுப் பாடசாலைகளில் வேரூன்றிவிட்டது. இது கல்விக்கும் உதவாது; பண்பாட்டுக்கும் உதவாது; சட்டத்தின் முன்னும் நில்லாது. ஆசிரியை கண்ணியமாக உடுத்த வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால், கண்ணியம் என்பது ஒரே ஓர் ஆடைக்குள்தான் குடியிருக்கின்றது என்று அதிகாரம் ஆணையிட முற்படும்போது, அதை எதிர்த்துப் பேசாமலிருப்பது நமக்குத் தகாது.

சேலை அழகிய உடை. நம் அன்னையரின் உடை. அதைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. முதலாம் வகுப்பில் முதல் நாள் அழுதுகொண்டு வரும் குழந்தை, ஆசிரியையின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டுதான் அழுகையை நிறுத்துகின்றது. எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின்னரும், தனக்கு எழுத்தறிவித்த ஆசிரியை கட்டிவந்த சேலையின் நிறம் நினைவில் நிற்கின்றது என்று கூறும் முதியோர் நம்மூரில் பலருளர். விரும்பி உடுத்துபவருக்குச் சேலை மதிப்பைத் தரும். விருப்பமில்லாதவர் மீது ஆணையாகச் சுமத்தப்படும்போது, அதே சேலை விலங்காகிவிடுகின்றது. நாம் எதிர்ப்பது சேலையை அன்று, விலங்கையே.

நடந்தது என்ன?

2022ஆம் ஆண்டு இந்நாட்டு மக்கள் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, மின்வெட்டு, மருந்துத் தட்டுப்பாடு, பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியரின் கையிலிருந்த ரூபா, ஓராண்டுக்கு முன் வாங்கியதில் பாதியைச் சற்றே விஞ்சியதைத்தான் வாங்கிற்று. அரிசிக்கும் பாலுக்கும் போதாத சம்பளத்தில் சேலைக்கும், அதற்கேற்ற சட்டைக்கும், உட்பாவாடைக்கும், தையற் கூலிக்கும் எங்கே போவது?

இந்நெருக்கடியை உணர்ந்து, அலுவலகங்களிற் பணியாற்றும் அரச ஊழியர் தமக்கு வசதியான பொருத்தமான உடையில் கடமைக்கு வரலாம் என்று அவ்வாண்டின் பிற்பகுதியில் பொது நிருவாக அமைச்சு தளர்வு அளித்தது. அந்தத் தளர்வு தமக்கும் வேண்டுமென்று ஆசிரியைகள் கேட்டனர். நவம்பர் மாதத்தில் நாட்டின் பல பாகங்களிலும் ஆசிரியைகள் சிலர் சேலை தவிர்த்து வேறு உடையணிந்து வகுப்புக்குச் சென்றனர். ஆசிரியர் சங்கத்தினர் அவர்களுக்கு ஆதரவு தந்தனர். அன்றைய கல்வியமைச்சர் சுசில் பிரேமஜயந்த கூறிய விடை என்ன? ஆசிரியைகளின் உடையில் மாற்றமில்லை என்பதே!

அலுவலக மேசையின் பின்னே அமர்ந்திருக்கும் ஊழியருக்குத் தளர்வு. நாள் முழுவதும் நின்றும், நடந்தும், குனிந்தும் உழைக்கும் ஆசிரியைக்கு இல்லை. ஒரே திறைசேரியிலிருந்து சம்பளம் பெறும் இருவருக்கு இரண்டு நீதிகள். இதற்குக் கூறப்பட்ட காரணம் ‘ஆசிரியத் தொழிலின் மேன்மை’. மேன்மையான தொழில் என்றால் மேன்மையான சம்பளமன்றோ முதலில் வரவேண்டும்? 2021 ஜூலை முதல் அக்டோபர் வரை, தம் சம்பள முரண்பாட்டை நீக்குமாறு கோரி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்து நின்றபோது, இந்த மேன்மை எங்கே ஒளிந்திருந்தது? சம்பளம் கேட்கும்போது அவர் சாதாரண ஊழியர். உடையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் தெய்வம். தெய்வத்துக்குப் பட்டுச் சாத்துவோர், அந்தப் பட்டையும் தெய்வமே தன் செலவில் வாங்கவேண்டும் என்று கூறுவதுதான் விந்தை!

ஆசிரியையின் ஒரு நாள்

சுற்றுநிருபம் எழுதுவோர் ஒரு நாட் காலை தன்னாமுனையில் பெருந்தெருவோரம் வந்து நின்று பார்க்கட்டும். மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை நோக்கிச் செல்லும் பஸ் வண்டிகள் இவ்வழியேதான் செல்கின்றன. ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்கும். அதற்குள் போய்ச் சேர, ஒரு கையிற் புத்தகப் பையும் சாப்பாட்டுப் பெட்டியும், மறுகையிற் சேலைக் கொய்யகமுமாக, நிற்கவும் இடமில்லாத பஸ்ஸின் மிதிபலகையில் ஆசிரியைகள் ஏறுகின்றனர். வேறு சிலர் ஸ்கூட்டரில் செல்கின்றனர். சேலைத் தலைப்பு சில்லுக்குள் சிக்கினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எரிபொருள் கிடையாதிருந்த நாட்களில் துவிச்சக்கரவண்டியில் மைல் கணக்கில் மிதித்துச் சென்றவர்களும் இவர்களே.

வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையின் கதை இன்னும் கடினமானது. எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்துதான் நம் ஆசிரியைகள் பலர் அங்குள்ள பாடசாலைகளுக்குச் சென்று வந்தனர். வாவியைக் கடக்கும் மிதவையை நம் மக்கள் ‘பாதை’ என்பர். 2014இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையில் அதுவே கதி. மாரிக்காலத்தில், வாடைக்காற்று வீசி வாவி பெருகி நிற்கும் வேளையில், முழங்காலளவு நீரில் இறங்கி நடந்து, நனைந்த சேலையோடு காலை முதல் பிற்பகல் ஒன்றரை மணிவரை வகுப்பில் நிற்பது எத்தகைய வேதனை! அது காயும், மீண்டும் திரும்பும் வழியில் நனையும். இதை அனுபவித்தவர் ஆசிரியை. ஆணையிட்டவர் கொழும்பிலே குளிரூட்டிய அறையில் இருந்தவர்.

வகுப்பறைக்குள் நுழைவோம். ஆரம்பப் பிரிவு ஆசிரியை எவரும் நாற்காலியில் அமர்ந்து கற்பிப்பதில்லை. பாயில் அமர்ந்து கதை சொல்ல வேண்டும். எழுந்து ஆடிப்பாட வேண்டும். முற்றத்தில் கட்டம் கீறி எண்களை மிதித்துக் காட்ட வேண்டும். களிமண்ணில் உருவம் பிடிக்க வேண்டும். 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் கலந்தே கற்பிக்க வேண்டும் என்று வகுத்தது. நல்ல திட்டம், நாம் வரவேற்கும் திட்டம். பிள்ளையோடு பிள்ளையாக ஓடி விளையாடு என்று ஆசிரியைக்குச் சொல்வதும் கல்வியமைச்சே. ஐந்து மீற்றருக்கு மேல் நீளமான துணியைச் சுற்றிக்கொண்டு விளையாடு என்று சொல்வதும் அதே கல்வியமைச்சே! ஒரு கையால் தந்ததை மறுகையாற் பறிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

மேல்வகுப்பிலோ வேறு தொல்லை. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் சுடரடுப்பின் அருகே நின்று பரிசோதனை காட்டும் ஆசிரியையின் தோளிலிருந்து தொங்குவது சேலைத் தலைப்பு. விலை மலிந்த சேலைகள் பெரும்பாலும் செயற்கை நூலால் ஆனவை. தீப்பட்டால் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சேலை பாதுகாப்பானது, வெயிலுக்கும் இதமானது. ஆனால் அதைத் தோய்த்து, கஞ்சியிட்டு, மினுக்கி எடுக்க வேண்டும். வீட்டிலே சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தானும் புறப்படும் பெண்ணுக்கு அந்த நேரத்தை எந்தச் சுற்றுநிருபம் தரப்போகின்றது? இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால், கொளுத்தும் வெயிலில் மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடவேண்டியவரும் இவரே. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் ஆசிரியை இவ்வுடையில் மாடிப்படி ஏறி இறங்கும் காட்சியைக் கண்டவர் எவரும், ‘இது பண்பாடு’ என்று கூற நாவெழாது நிற்பர்.

வேளாண்மை செய்யும் நம் உழவர் பெருமக்களுக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும். வட்டையிலே சேற்றில் இறங்குபவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டே இறங்குகின்றார். கோயிலுக்குச் செல்லும்போது வெள்ளை வேட்டி உடுத்துகின்றார். இரண்டிலும் அவர் மானமுள்ள மனிதரே. வட்டைக்குள் வேட்டி சால்வையோடுதான் இறங்க வேண்டும் என்று ஒரு கமநல அதிகாரி ஆணையிட்டால், போடியார் முதல் கூலியாள்வரை அத்தனை பேரும் சிரிக்கமாட்டார்களா? வேலைக்கேற்ற உடை என்பது உழவர் கண்ட உண்மை. அந்த உண்மை ஆசிரியை விடயத்தில் மட்டும் எப்படிப் பொய்யாகும்?

பண்பாடு எங்கே இருக்கின்றது?

‘பண்பாட்டைக் காக்க வேண்டாமா?’ என்று கேட்பர். காக்க வேண்டும். ஆனால் எது பண்பாடு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியர் எத்தகையவராக இருக்கவேண்டும் என்பதைத் தமிழ் இலக்கண நூலே வகுத்துரைத்துள்ளது. பவணந்தி முனிவர் செய்த நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலமும், மலையும், நிறைகோலும், மலரும் உவமையாகக் கூறப்படுகின்றன. பொறுமை, கலங்காமை, நடுவுநிலைமை, இனிமை என்பன அவ்வுவமைகளால் உணர்த்தப்படுகின்றன. குலம், அருள், கலைப்பயிற்சி, உலகியலறிவு எல்லாம் பேசப்படுகின்றன. உடை பேசப்படவில்லை! ஆசிரியராகத் தகாதவரைக் காட்டவும் அந்நூல் உவமைகள் தருகின்றது. பருத்தி அடைத்த குண்டிகை அவற்றுள் ஒன்று. பஞ்சைச் சிறிது சிறிதாக அடைத்து, சிறிது சிறிதாகவே பிடுங்கி எடுக்கவேண்டிய குடம் போலக் கற்பிப்பவன் ஆசிரியனல்லன் என்பது கருத்து. கற்பிக்கும் முறையில் ஆசிரியரை நிறுத்துப் பார்த்தது பழந்தமிழ். கட்டும் துணியில் நிறுத்துப் பார்க்கின்றது இன்றைய நிருவாகம்.

இம்மண்ணின் பெரும் ஆசான் விபுலாநந்த அடிகளை எண்ணிப் பார்ப்போம். 1892இல் காரைதீவிற் பிறந்த அவர், விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராகவும் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் விளங்கினார். 1924இல் துறவு பூண்டபின் காவி உடையோடு கல்விப்பணி தொடர்ந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. உடை மாறியதால் அவரது அறிவு குறைந்ததா? மாணவர் மதிப்பதை நிறுத்தினரா? அவ்வாறே, வெள்ளை அங்கி அணிந்த இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பிற இடங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தனர். அங்கியும் முக்காடும் அணிந்த கன்னியர் நம் பெண்மக்களுக்கு எழுத்தறிவித்தனர். இவர்களில் எவரும் வேட்டியோ சேலையோ உடுத்தவில்லை. ஆசிரியர் என்ற மதிப்பில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை.

இன்னொரு கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் நம் தமிழாசிரியர்கள் வேட்டியும் ‘நஷனல்’ சட்டையும் சால்வையும் அணிந்தே வகுப்புக்கு வந்தனர். இன்று ஆண் ஆசிரியர் பெரும்பாலோர் காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்து வருகின்றனர். இந்த மாற்றம் வந்தபோது பண்பாடு அழிந்துவிட்டது என்று எந்த அமைச்சர் அறிக்கை விட்டார்? எந்தப் பெற்றோர் சங்கம் வாயிலை மறித்தது? வேட்டி போனபோது போகாத பண்பாடு, சேலை தளர்ந்தால் மட்டும் போய்விடுமா? ஆண் வசதிக்காக மாறினால் அது நாகரிகம். பெண் வசதி கேட்டால் அது ஒழுக்கக்கேடு. பண்பாட்டின் மூட்டையைப் பெண்ணின் தோளிலே ஏற்றிவிட்டு, ஆண்கள் வெறுங்கையோடு நடக்கும் வித்தை இது!

சேலைதான் என்றென்றும் இந்நாட்டுப் பெண்கள் எல்லோரது உடையாகவும் இருந்தது என்பதும் வரலாறன்று. தென்னிலங்கையில் ஐரோப்பிய பாணி உடைக்குப் பழகிவிட்ட பெண்களை ஒசரிக்கும் சேலைக்கும் மாற்ற அநகாரிக தர்மபாலர் போன்றோர் பிரசாரம் செய்தது சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1905இல் ஆனந்த குமாரசுவாமி முதலியோர் நிறுவிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம், ஐரோப்பிய உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்தது. அவர்கள் அந்நியராட்சிக்கு எதிராக மக்களின் மனத்தைத் தொட்டுப் பேசினர். சேலையை விரும்பச் செய்தனர். சுற்றுநிருபம் எழுதி உடுத்தச் செய்யவில்லை. காந்தியடிகள் 1921 செப்டம்பரில் மதுரையிலே தம் உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அதன் பெருமை எதில் இருக்கின்றது? அது அவரே தெரிந்தெடுத்த உடை என்பதில் இருக்கின்றது. கட்டளையால் உடுத்திய அரையாடை சிறைக்கைதியின் உடையாக மட்டுமே இருந்திருக்கும்.

உடையை ஆணையால் வகுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென் திருவிதாங்கூர் சாட்சி. அங்கே நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதைச் சாதி அதிகாரம் தடுத்தது. 1822 முதல் பல பதின்மங்கள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்தின் பின்னரே, 1859இல் அரசர் பிரகடனம் செய்து இடந்தர நேர்ந்தது. அங்கே ‘உடுத்தாதே’ என்ற ஆணை. இங்கே ‘இதைத்தான் உடுத்து’ என்ற ஆணை. கொடுமையின் அளவில் இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆனால், பெண்ணின் உடல்மீது எதைப் போர்த்துவது என்பதைத் தீர்மானிப்பவர் அவளல்லர், அதிகாரமே என்ற எண்ணம் இரண்டுக்கும் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கின்றது?

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பைப் புரட்டிப் பார்ப்போம். 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கின்றது; இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் ஓரங்காட்டலாகாது என்கின்றது. 14ஆம் உறுப்புரை, தன் மதத்தை அனுசரிக்கவும், தன் பண்பாட்டைத் துய்க்கவும் பேணவும் உரிமை தருகின்றது. இவ்வுரிமைகள் எல்லையற்றவை அல்ல, அவற்றைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் எப்படி? 15ஆம் உறுப்புரை விடை தருகின்றது: ‘சட்டத்தால்’ விதிக்கப்படும் கட்டுப்பாடாக இருக்கவேண்டும், தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம், பிறரின் உரிமைகள் முதலிய காரணங்களுக்காக இருக்கவேண்டும். பாராளுமன்றம் இயற்றுவது சட்டம். அமைச்சின் செயலாளர் கையெழுத்திடும் சுற்றுநிருபம் சட்டமாகாது. அதிபரின் அறிவித்தற்பலகையில் ஒட்டப்படும் தாள் அதனினும் ஆகாது.

வேலை கொடுப்பவர் ஊழியரின் உடையைப் பற்றி ஒன்றும் கூறவே கூடாதா? கூறலாம். சுத்தமாக, அடக்கமாக, தொழிலுக்குப் பொருத்தமாக உடுத்துக என்று கூறலாம். அது நியாயமான நிபந்தனை. அதை எந்த நீதிமன்றமும் தள்ளாது என்பது நம் துணிபு. ஆனால் குறித்த ஓர் உடையைத்தான் உடுத்த வேண்டும் என்றால், அது சீருடை. சீருடை வேண்டுமென்போர் அதன் செலவையும் ஏற்க வேண்டும். பொலிசாருக்குச் சீருடை தருகின்றது அரசு. 1993 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் சீருடைத் துணி இலவசமாகத் தரப்படுகின்றது. பிள்ளைக்குத் துணி தரும் அரசு, அப்பிள்ளைக்குக் கற்பிப்பவரிடம் ‘நீயே வாங்கி உடு, நான் சொல்வதையே உடு’ என்பது எந்த நியாய நூலில் எழுதப்பட்டிருக்கின்றது?

உடையைக் கொண்டு தொழில் செய்யும் உரிமையைத் தடுத்த வரலாறு இந்நாட்டு நீதிமன்றத்துக்கே உண்டு. 1905இல், துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் வழக்காட வந்த முஸ்லிம் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதரைப் பிரதம நீதியரசர் லேயாட் தடுத்தார். தொப்பியைக் கழற்றினால் வாதாடலாம், அணிந்தால் ஆகாது! முஸ்லிம் மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு இறுதியில் கொழும்பு மருதானையில் பெருங்கூட்டம் கூடிற்று. இறுதியில் தொப்பியோடு வழக்காடும் உரிமை நிலைநாட்டப்பட்டது. அதனால் நீதியின் தராசு சாயவில்லை. மன்றத்தின் மாண்பும் குலையவில்லை. அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன், 1893இல் தர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்று என்ற நீதவானின் சொல்லுக்குப் பணியாமல் வெளியேறியவரும் ஓர் இளம் சட்டத்தரணியே. அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி.

நம் முற்றத்தையும் பார்ப்போம்

பிறரைக் குறைகூறும் நாம் நம் முற்றத்தைப் பார்க்க மறுத்தலாகாது. 2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆசிரியைகள் வேறிடம் சென்று பணியாற்ற நேர்ந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமைக்குச் சார்பாகவே பரிந்துரைத்தது. ஆயினும், 2022 பெப்ரவரியில் அவ்வுடையோடு ஓர் ஆசிரியை கடமைக்குத் திரும்பியபோது மீண்டும் குழப்பம் எழுந்தது. வழக்கு மன்றம்வரை சென்றது.

அக்கல்லூரிக்கு நீண்ட இந்து மரபு உண்டு. அதைக் காக்க விழைந்தோரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. சிறுபான்மையாக வாழும் மக்கள், தம் நிறுவனங்களின் தனித்தன்மையைக் கண்ணின் மணியெனக் காப்பது இயல்பு. ஆனால் ஒன்றைக் கேட்கின்றோம். அக்கல்லூரியின் மரபு அதன் வழிபாட்டில் இருக்கின்றது, விழாக்களில் இருக்கின்றது, அங்கு வளரும் பிள்ளைகளின் தமிழிலும் கலையிலும் இருக்கின்றது. கணிதமோ விஞ்ஞானமோ கற்பிக்க வரும் ஆசிரியையின் மேலாடையிலா அது தங்கியிருக்கின்றது?

தமிழ் பேசும் மக்கள் என்ற ஒரே பெயரால் வடக்கு கிழக்கின் தமிழரையும் முஸ்லிம்களையும் அழைத்து உரிமை கேட்டவர்கள் நாம். மொழியால் நாம் தாழ்த்தப்பட்டபோது, பெரும்பான்மையின் வழக்கமே நாட்டின் சட்டமாகக் கூடாது என்று முழங்கினோம். பெரும்பான்மையாக நாம் இருக்கும் ஒரு வாயிலில் மட்டும், நம் வழக்கமே சட்டமாக வேண்டும் என்று கூறுவோமானால், நம் பழைய முழக்கத்தின் பொருள் என்ன? இதே நீதி மறுபக்கத்துக்கும் உரியது. முஸ்லிம் பாடசாலையிற் கற்பிக்கும் தமிழ் ஆசிரியை, தன் பொட்டோடும் சேலையோடும் அச்சமின்றிக் கற்பிக்க வேண்டும். அவரை முக்காடிடு என்று வற்புறுத்தும் உரிமை எவருக்குமில்லை. உரிமை இருபக்கமும் கூரான வாள்; ஒரு பக்கத்தை மட்டும் தீட்ட முடியாது.

அச்சத்தின் நடுவே எழுதப்படும் உடை விதி என்ன செய்யும் என்பதை 2019 காட்டிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று, நமது மட்டக்களப்பின் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் நடந்த கொடுந் தாக்குதலில் குழந்தைகளும் பெரியோரும் மாண்டனர். அந்தத் துயரத்தின் பின்னர் மே மாத இறுதியில், அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது ஒசரி மட்டுமே அணியலாம் என்று ஒரு சுற்றுநிருபம் வந்தது. குற்றம் செய்தவன் எவனோ. தண்டம் பெற்றவள் அலுவலகத்துக்குச் செல்லும் அப்பாவிப் பெண். எதிர்ப்புக் கிளம்பவே அது கைவிடப்பட்டது. அவசரத்தில் எழுதிய விதி அவமானத்தோடு திரும்பிற்று. பாடம் கற்கவேண்டியவர்கள்தாம் கற்கவில்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

‘கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் கண்டபடி உடுத்தி வருவார்கள்’ என்பர் சிலர். பட்டம் பெற்று, பயிற்சி முடித்து, நாற்பது பிள்ளைகளை ஆளும் பொறுப்பை ஏற்ற பெண்ணுக்கு, தான் எதை உடுத்துவது என்ற அறிவு மட்டும் இராதா? நம் பிள்ளையின் எதிர்காலத்தையே அவர் கையில் ஒப்படைக்கின்றோம்; அவரது அலுமாரியை அவர் கையில் ஒப்படைக்க அஞ்சுகின்றோம்!

‘நெசவாளர் பிழைப்புக் கெடும்’ என்பர் வேறு சிலர். மருதமுனைக் கைத்தறியின் பெருமையை அறியாதார் கிழக்கில் இல்லை. அந்நெசவாளர் வாழவேண்டும் என்பதில் நாம் எவருக்கும் பின்னிற்பவரல்லோம். ஆனால், கைத்தறித் துணியில் சேலை மட்டுந்தானா நெய்யலாம்? நம் பெண்கள் ‘பஞ்சாபி’ என்று கூறும் சல்வாருக்கும், மேற்சட்டைக்கும், நீண்ட அங்கிக்கும் துணி நெய்யலாகாதா? உண்மையில் நெசவாளரைக் காக்க எண்ணும் அரசு, நூலையும் சாயத்தையும் மலிவாகத் தரட்டும்.

அயலிலே என்ன நடக்கின்றது என்றும் பார்க்கலாம். சேலை பெரிதும் மதிக்கப்படும் கேரளத்தில், ஆசிரியைகளைச் சேலை கட்டுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று 2021 நவம்பரில் அரசு மீண்டும் வலியுறுத்திற்று. அவ்வேளை உயர்கல்வி அமைச்சராக இருந்த ஆர். பிந்து முன்னாள் பேராசிரியை. தாம் கற்பித்த காலத்திற் சுரிதார் அணிந்தே கல்லூரி சென்றதாகக் கூறினார். தமிழ்நாட்டில் 2019இல் தலைமைச் செயலக ஊழியருக்கு வகுத்த விதியில் சேலையோடு சல்வாரும் சுரிதாரும் இடம்பெற்றன. ஆண்களுக்கு வேட்டியும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதனாற் கேரளத்தில் எழுத்தறிவு குறைந்ததாகவோ, தமிழகத்தில் தமிழ்ப் பண்பாடு மடிந்ததாகவோ செய்தியில்லை.

செய்ய வேண்டுவது

நாம் கேட்பவை மிகச் சிலவே. முதலாவது, பாடசாலை உடை பற்றிய விதி ‘சுத்தமான, கண்ணியமான, தொழிலுக்குப் பொருத்தமான உடை’ என்ற அளவில் நிற்கட்டும். சேலை, ஒசரி, சல்வார், அபாயா என்று பெயர் குறித்து எதையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். இரண்டாவது, குறித்த உடையே வேண்டுமென அரசு பிடிவாதம் செய்யுமாயின், அதற்கான படியைச் சம்பளத்தோடு தரட்டும். மூன்றாவது, ஆய்வுகூடம், விளையாட்டு மைதானம், ஆரம்ப வகுப்பு, வெள்ளப் பிரதேசம் ஆகியவற்றிற் பணியாற்றுவோரின் பாதுகாப்பை முன்வைத்து விதியை எழுதட்டும். எழுதுமுன் ஆசிரியைகளையே கேட்கட்டும். நான்காவது, உடையைக் காரணங்காட்டி இடமாற்றமோ ஏச்சோ பெறும் ஆசிரியை, தனியே நின்று அழாமல் தொழிற்சங்கத்தையும் மனித உரிமைகள் ஆணைக்குழுவையும் நாடட்டும். அடிப்படை உரிமை மீறலென்றால் உயர் நீதிமன்றம் செல்ல அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாத அவகாசமே தருகின்றது. காலந்தாழ்த்தினால் கதவு அடைபடும் என்பதைச் சட்டமறிந்தோர் ஊரூராகச் சென்று சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். எழுத்துத் திருந்தியிருக்கின்றதா? கணக்கு விளங்கியிருக்கின்றதா? கேள்வி கேட்க அஞ்சாத நெஞ்சம் வளர்ந்திருக்கின்றதா? அவற்றைக் கண்டு ஆசிரியையை மதியுங்கள். அவை குறைந்தால் அதைப்பற்றி அவரிடம் கேளுங்கள். படுவான்கரைப் பாடசாலைகளில் ஆசிரியர் போதாமை பற்றிப் பேசக் கூட்டம் கூடுங்கள். நீரும் மலசலகூடமும் இல்லாத பாடசாலைகளுக்காக வலயக் கல்விப் பணிப்பாளரின் வாயிலில் நில்லுங்கள். அங்கே காட்டவேண்டிய ஆத்திரத்தை ஒரு பெண்ணின் முந்தானையில் காட்டி வீணாக்காதீர்கள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றனர் நம் முன்னோர். கசக்கிக் கட்டு என்றார்களேயன்றி, இன்ன துணியைத்தான் கட்டு என்று கூறவில்லை. தூய்மையைக் கேட்டனர், நீளத்தை அளக்கவில்லை. அந்த அறிவு அதிகாரத்தில் இருப்போருக்கும் வரட்டும். ஆசிரியையின் கையிலே வெண்கட்டி இருக்கின்றது. கொய்யகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் மறுகையையும் பிள்ளைகளுக்காக விடுவிப்போம்.